கல்யாணக் கேசட்டை டிவிடி ஆக்க எந்த மென்பொருள்?

“தம்பி, இதுக்கு இலவச மென்பொருள் போதுமா, இல்ல காசு கொடுத்து வாங்கணுமா?”

உறவினர் வீட்டு விசேஷங்களிலும் கோவில் திருவிழாக்களிலும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். வார நாள்களில் எனக்கு ஆயர் குரோவில் அலுவலக வேலை. சனி, ஞாயிறுகளில் தெரிந்தவர்களின் பழைய வீடியோ கேசட்டுகளை வட்டாக மாற்றிக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. இதை நான் தொழிலாகச் செய்யவில்லை. எந்த நிறுவனத்தின் மென்பொருளையும் விற்க வேண்டிய கட்டாயமும் எனக்கு இல்லை. அதனால் கண்டதைக் கண்டபடி சொல்ல முடியும்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு குடும்பத்தின் திருமண வீடியோவுக்கோ தோட்டத்துக் கோவில் திருவிழா வீடியோவுக்கோ இலவச மென்பொருளே போதும். காசு செலவழிக்க வேண்டிய இடங்கள் வேறு இருக்கின்றன. மென்பொருளுக்குக் காசு கொடுப்பது சிலருக்குத்தான் பொருந்தும். அந்தச் சிலர் யார் என்பதையும் பின்னால் சொல்கிறேன்.

இந்தக் காலத்தில் டிவிடியா?

இளையவர்கள் உடனே கேட்பார்கள், “எல்லாம் கைத்தொலைபேசியிலேயே பார்க்கலாமே, எதற்கு டிவிடி?” என்று. நியாயமான கேள்விதான். ஆனால் ஜாசின், அலோர் காஜா பக்கம் இருக்கும் நம் பெரியவர்கள் வீட்டு வரவேற்பறையைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தொலைக்காட்சிக்குக் கீழே இன்னமும் ஒரு டிவிடி பெட்டி இருக்கும். தட்டை உள்ளே வைத்து ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இணையம் வேண்டாம், கடவுச்சொல் வேண்டாம். பேரப்பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரத்திலும் பாட்டி தானாகவே தன் கல்யாணத்தைப் பார்த்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, கையில் கொடுக்க ஒரு பொருள் இருக்கிறது. தோட்டத்தில் ஒரே லயத்தில் வாழ்ந்தவர்கள் இன்று டுரியான் துங்காலில் ஒரு தாமான், ஜோகூரில் ஒரு வீடு, சிங்கப்பூரில் ஒரு வேலை என்று சிதறிப் போயிருக்கிறார்கள். மாசி மகத்துக்குச் சன்னாசிமலைக்கு வரும்போதுதான் பலர் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். அப்போது ‘இது நம்ம தோட்டத்துத் திருவிழா’ என்று ஒரு வட்டைக் கையில் கொடுத்தால் அதன் மதிப்பே தனி.

ஆனால் ஓர் எச்சரிக்கை. கைத்தொலைபேசியில் எடுத்த புதிய வீடியோவுக்கு டிவிடி ஏற்றதல்ல. முழு எச்டி படத்தில் 1920 பெருக்கல் 1080 புள்ளிகள் இருக்கும். மலேசியாவில் நாம் பயன்படுத்தும் பிஏஎல் முறை டிவிடியில் இருப்பது 720 பெருக்கல் 576 புள்ளிகள்தான். கணக்குப் போட்டால் சரியாக ஐந்தில் ஒரு பங்கு. பழைய விஎச்எஸ் கேசட்டின் தெளிவு அதைவிடவும் குறைவு என்பதால் கேசட்டுக்கு டிவிடி தாராளம். புதிய வீடியோவைக் கோப்பாகவே வைத்துக்கொள்ளுங்கள். பெரியவர்களுக்காக மட்டும் ஒரு டிவிடி போடுங்கள்.

மென்பொருள் செய்யும் வேலை என்ன?

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். வீடியோ கோப்பை அப்படியே வட்டில் நகல் எடுத்தால் அது டிவிடி பெட்டியில் ஓடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெட்டிக்குப் புரியும் வடிவம் ஒன்று இருக்கிறது. அந்த வடிவத்துக்கு வர மூன்று வேலைகள் நடக்க வேண்டும்.

முதல் வேலை, வீடியோவை எம்பெக்-2 என்ற வகைக்கு மாற்றுவது. இரண்டாவது, மெனு, பொத்தான்கள், அத்தியாயங்கள் எல்லாம் அமைத்து, ‘வீடியோ_டிஎஸ்’ என்ற கோப்புறைக்குள் டிவிடிக்குரிய கோப்புகளாக அடுக்குவது. மூன்றாவது, அந்தக் கோப்புறையை வட்டில் எரிப்பது. இந்த இரண்டாவது வேலையைச் செய்வதுதான் டிவிடி ஆக்க மென்பொருள். பெரும்பாலானவை மூன்றையும் சேர்த்தே செய்துவிடும். வீடியோவை வெட்டி ஒட்டுவது வேறு வேலை, அதற்கு வேறு மென்பொருள். “வட்டு எரிக்கிற மென்பொருள் இருக்கிறது, ஆனால் மெனு வரவில்லை” என்று சிலர் சொல்வதற்குக் காரணம், அவர்களிடம் மூன்றாவது வேலைக்கான மென்பொருள் மட்டும் இருப்பதுதான்.

இலவசத்தில் மூன்று வகை

‘இலவசம்’ என்று இணையத்தில் போட்டிருப்பதெல்லாம் ஒன்றல்ல.

முதல் வகை, உண்மையான இலவசம். மூலநிரலையே திறந்து வைத்திருப்பார்கள். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எத்தனை வட்டு வேண்டுமானாலும் போடலாம். டிவிடி ஸ்டைலர், டிவிடி ஃபிளிக் இரண்டும் இந்த வகை.

இரண்டாம் வகை, ருசி பார்க்கக் கொடுப்பது. எல்லா வேலையையும் செய்து முடித்த பிறகுதான் தெரியும், மணமக்கள் முகத்துக்கு மேலே நிறுவனத்தின் பெயர் முத்திரையாக விழுந்திருக்கிறது என்று. அல்லது சில நிமிடங்களோடு வீடியோ நின்றுவிடும். இது இலவசமல்ல, வாங்குவதற்கு முன் சோதித்துப் பார்க்கும் பதிப்பு. இரண்டு நிமிட வீடியோ ஒன்றை முதலில் போட்டுப் பார்த்தால் இது உடனே தெரிந்துவிடும்.

மூன்றாம் வகை, மென்பொருள் இலவசம்தான், ஆனால் நிறுவும்போது கேட்காமலேயே வேறு சில நிரல்களையும் சேர்த்துக் கணினியில் இறக்கிவிடும். நிறுவும்போது ‘அடுத்து, அடுத்து’ என்று கண்ணை மூடிக்கொண்டு அழுத்தாமல், ஒவ்வொரு திரையையும் படித்து, தேவையில்லாதவற்றின் அடையாளத்தை நீக்கிவிட வேண்டும். மென்பொருளை உருவாக்கியவர்களின் சொந்தப் பக்கத்திலிருந்து இறக்குவதும் நல்லது.

நான்காவதாக ஒன்றும் உண்டு. ஒரு காலத்தில் பசார் மாலாமில் சில வெள்ளிக்குக் கிடைத்தது. பூட்டை உடைத்த திருட்டுப் பதிப்பு. சட்டப்படி அது குற்றம், 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் இங்கே நடப்பில் இருக்கிறது. அதை ஒரு பக்கம் வைத்தாலும், அந்த உடைத்த நிரலோடு கணினிக்குள் என்ன நுழையும் என்று யாருக்கும் தெரியாது. குடும்பத்தின் ஒரே திருமண வீடியோவும் வங்கிக் கணக்கும் இருக்கும் கணினியில் அதைப் போடுவது வேண்டாத வேலை. நேர்மையான இலவசம் கையெட்டும் தூரத்தில் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை.

இலவசத்தில் என்ன கிடைக்கும்?

டிவிடி ஸ்டைலர் விண்டோஸ், மெக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடியோக்களை இழுத்துப் போட்டால் தானே மாற்றிக்கொள்ளும். மெனுவுக்கு நம் படத்தைப் பின்னணியாக வைக்கலாம். பொத்தான்களை வேண்டிய இடத்தில் அமைக்கலாம். அத்தியாயம் பிரிக்கலாம், வசனவரி சேர்க்கலாம், ஒன்றுக்கு மேற்பட்ட ஒலித்தடம் வைக்கலாம். முதல் நாள் கொஞ்சம் தடுமாற்றம் இருக்கும். இரண்டாவது வட்டிலேயே கை பழகிவிடும்.

டிவிடி ஃபிளிக் விண்டோஸுக்கு மட்டும். இன்னும் எளிமையானது. கோப்பைச் சேர், ஆயத்த மெனு ஒன்றைத் தேர்ந்தெடு, எரி என்று மூன்றே படி. பல ஆண்டுகளாகப் புதிய பதிப்பு வரவில்லை. மெனுவில் நம் இஷ்டத்துக்கு அதிகம் செய்யவும் முடியாது. ‘படம் ஓடினால் போதும்’ என்பவர்களுக்கு இது சரி.

இவற்றின் குறை என்ன? வேகம் குறைவு. ஒரு மணி நேர வீடியோவை மாற்றுவதற்குள் சமைத்துச் சாப்பிட்டு வந்துவிடலாம். மெனு அலங்காரங்கள் சாதாரணமாக இருக்கும். ஏதாவது சிக்கல் வந்தால் தொலைபேசியில் அழைத்துக் கேட்க ஆளில்லை, தேடிப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

காசு கொடுத்தால் என்ன கூடுதல்?

நீரோ, டிஎம்பிஜி ஆத்தரிங் ஒர்க்ஸ், டிவிடி ஆர்க்கிடெக்ட் என்று சில பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். இப்படிப்பட்ட கட்டண மென்பொருள்களில் பொதுவாகக் கிடைப்பவை நான்கு. முதலாவது நேரம். நல்ல மென்பொருள், ஏற்கெனவே எம்பெக்-2 ஆக இருக்கும் வீடியோவை மறுபடி மாற்றாமல், வெட்டிய இடத்தை மட்டும் மாற்றும். படத்தின் தரமும் குறையாது, வேலையும் சீக்கிரம் முடியும். இரண்டாவது, அசையும் மெனு, அழகான வார்ப்புகள். மூன்றாவது, புளூரே போன்ற வேறு வட்டு வகைகளுக்கும் அதே வேலையைச் செய்துகொள்ளும் வசதி. நான்காவது, சிக்கல் என்றால் கேட்க ஓர் இடம்.

இந்த நான்கில் எது உங்களுக்கு உண்மையிலேயே தேவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாழ்நாளில் ஐந்தாறு வட்டு போடப்போகும் குடும்பத்துக்கு நேரம் பெரிய விஷயமில்லை. இரவு படுக்கப் போகும்போது ஓடவிட்டால் காலையில் முடிந்திருக்கும்.

காசு கொடுத்ததால் நிலைத்து நிற்குமா?

“காசு கொடுத்தால் நம்பிக்கை, இலவசம் என்றால் எப்போது நின்றுபோகுமோ” என்று ஒரு பயம் பலருக்கு இருக்கிறது. நடந்த கதையைப் பார்த்தால் அந்தப் பயத்துக்கு அவ்வளவு ஆதாரமில்லை.

2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தபோது அதன் சில பதிப்புகளோடு விண்டோஸ் டிவிடி மேக்கர் சேர்ந்தே வந்தது. விண்டோஸ் 7இலும் இருந்தது. 2012இல் விண்டோஸ் 8 வந்தபோது அது காணாமல் போனது. டிவிடியை ஓட்டிப் பார்க்கும் வசதியையே அந்தப் பதிப்பில் இயல்பாகத் தரவில்லை. ஆப்பிளின் ஐடிவிடி 2001இல் வந்தது. 2011க்குப் பிறகு புதிய மெக் கணினிகளோடு அது வரவில்லை. தொழில்முறை ஆட்கள் நம்பியிருந்த அடோபி என்கோர் 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்போடு நின்றுபோனது. டிவிடி ஆர்க்கிடெக்ட் 2016இல் சோனியிடமிருந்து மேஜிக்ஸ் என்ற நிறுவனத்தின் கைக்குப் போனது.

இவற்றில் பல பெரிய நிறுவனங்களுடையவை. நின்றபோது, அந்த மென்பொருளில் சேமித்து வைத்த திட்டக் கோப்புகளைத் திறக்கப் பழைய கணினியைத் தேடிப் போக வேண்டிய நிலை. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பாடம் ஒன்றுதான். இலவசமோ கட்டணமோ, மென்பொருளை நம்பிக் குடும்பச் சொத்தை விட்டுவைக்கக் கூடாது. வேலை முடிந்ததும் மூன்றை எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். கேசட்டிலிருந்து முதலில் எடுத்த வீடியோ கோப்பு, மெனுவுக்குச் செய்த படங்கள், முடிவில் கிடைத்த ‘வீடியோ_டிஎஸ்’ கோப்புறை. இந்த மூன்றும் கையில் இருந்தால் நாளைக்கு எந்த மென்பொருள் வந்தாலும் மறுபடி செய்துகொள்ளலாம்.

மெனுவில் தமிழ்

நம்மவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டியது இது. பழைய மென்பொருள்கள் சிலவற்றில் தமிழ் எழுத்தைத் தட்டினால் கொம்பு ஓரிடத்திலும் எழுத்து ஓரிடத்திலுமாகப் பிரிந்து நிற்கும். ‘கொடியேற்றம்’ என்று எழுதினால் முதல் எழுத்தே சிதைந்திருக்கும். காசு கொடுத்து வாங்கியதிலும் இது நடக்கும். உலகமெங்கும் விற்பவர்கள் எல்லோரும் தமிழைச் சோதித்துப் பார்த்துவிட்டு விற்பதில்லை.

இதற்கு எளிய வழி, எழுத்தை மென்பொருளில் தட்டாமல் படமாகச் செய்துகொள்வது. தமிழ் சரியாகத் தெரியும் ஏதாவது ஒரு நிரலில், அது சாதாரணச் சொற்செயலியாகவோ விளக்கக்காட்சி நிரலாகவோ இருக்கலாம், 720 பெருக்கல் 576 அளவுக்கு ஏற்ற ஒரு பக்கத்தைச் செய்யுங்கள். மேலே கோவிலின் பெயர், கீழே ‘கொடியேற்றம்’, ‘பால்குடம்’, ‘தேர் ஊர்வலம்’, ‘அன்னதானம்’ என்று எழுதிப் படமாகச் சேமியுங்கள். அந்தப் படத்தை மெனுவின் பின்னணியாகக் கொடுத்து, எழுத்துகளுக்கு மேலே வெறும் பொத்தான்களை மட்டும் வையுங்கள். எழுத்து சிதையவே சிதையாது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகப் போடுங்கள், ஓரங்களில் இடம் விடுங்கள். பழைய தொலைக்காட்சிகள் ஓரத்தை வெட்டிவிடும்.

எத்தனை மணி நேரம் ஒரு வட்டில்?

சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. கணினியில் பார்த்தால் ஏறத்தாழ 4.38 என்று காட்டும். கணக்கிடும் முறை வேறு, வட்டு ஏமாற்றவில்லை. இதில் ஒரு மணி நேர வீடியோவை உயர்ந்த தரத்தில் வைக்கலாம். இரண்டு மணி நேரம் என்றால் வினாடிக்கு 5 மெகாபிட் அளவு கிடைக்கும், நன்றாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் 3.5 மெகாபிட்டுக்கு இறங்கிவிடும். மணமேடையில் எல்லோரும் உட்கார்ந்திருக்கும் காட்சியில் குறை தெரியாது. காவடி ஆட்டத்தில் கட்டம் கட்டமாக உடையும்.

அதனால் மூன்று மணி நேரக் கேசட்டை இரண்டு வட்டாகப் பிரியுங்கள். முதல் வட்டில் கல்யாணம், இரண்டாவதில் விருந்து. வட்டின் விலையை நினைத்துத் தரத்தைக் கெடுக்க வேண்டாம்.

இன்னொரு சோதனை. கேசட் வீடியோவில் ஒவ்வொரு படமும் இரண்டு பாதிகளாகப் பதிவாகியிருக்கும். எந்தப் பாதி முதலில் என்பதை மென்பொருள் மாற்றிப் புரிந்துகொண்டால், அசையும் கைகால்கள் நடுங்குவது போலத் தெரியும். மினி டிவி கேசட்டுகளில் கீழ்ப்பாதி முதலில் வரும். எனவே முழு வேலையையும் தொடங்குமுன், ஆட்டம் பாட்டம் அதிகமுள்ள இரண்டு நிமிடத்தை மட்டும் ஒரு வட்டில் போட்டு, வீட்டு டிவிடி பெட்டியில் ஓட்டிப் பாருங்கள். இலவசமா கட்டணமா என்ற கேள்விக்கு இந்த இரண்டு நிமிடச் சோதனை தரும் பதில் எந்த விளம்பரத்தையும்விட நம்பகமானது.

பெரியம்மாவின் குரல்

என் பெரியம்மா ஜாசின் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் வாழ்ந்தவர். பால்மரம் வெட்டிய காடு இன்று செம்பனை. லயங்களும் இல்லை. அந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவில் திருவிழாவை யாரோ ஒருவர் எடுத்த கேசட் மட்டும் அவரிடம் இருந்தது. அதை மாற்றி முடித்து ஓட்டியபோது என்னைப் போன்றவர்களுக்கு அது வெறும் கூட்டம். அவர் மட்டும் பேசிக்கொண்டே இருந்தார். “பால்குடம் தூக்கிட்டு வர்றது நம்ம கடைசி லயத்து அக்கா. குடை பிடிக்கிறவர்தான் அப்ப கிராணி. அந்தப் பையனை ஆயாக்கொட்டகையில நான்தான் பார்த்துக்கிட்டேன்.”

டிவிடியில் ஒரு வீடியோவுக்கு எட்டு ஒலித்தடங்கள் வரை வைக்கலாம். பெரிய சினிமா வட்டுகளில் இயக்குநர் விளக்கம் சொல்வது இப்படித்தான். நான் அந்த வசதியைப் பயன்படுத்தினேன். பெரியம்மாவின் முன்னால் கைத்தொலைபேசியை வைத்து, வீடியோ ஓடும்போது அவர் பேசுவதை முழுவதும் பதிவு செய்தேன். அதை இரண்டாவது ஒலித்தடமாகச் சேர்த்தேன். இப்போது அந்த வட்டில், முதல் தடத்தில் நாதஸ்வரமும் உறுமி மேளமும் கேட்கும். தொலை இயக்கியில் ஒலியை மாற்றும் பொத்தானை அழுத்தினால், யார் யார் என்று பெரியம்மா சொல்வது கேட்கும்.

இதைச் செய்தது இலவச மென்பொருளில்தான். கூடுதல் செலவு ஒரு காசுகூட இல்லை. மென்பொருள் தேர்ந்தெடுக்கும்போது அசையும் மெனு இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, இரண்டாவது ஒலித்தடம் வைக்க முடிகிறதா என்று பாருங்கள். முகம் கேசட்டில் இருக்கிறது. அந்த முகத்தின் பெயர் பெரியவர்களின் நினைவில் மட்டும்தான் இருக்கிறது. அவர்களுக்குப் பிறகு அந்தப் பெயரை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

இதே காரணத்துக்காக இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பழைய ஒலியை எடுத்துவிட்டுச் சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பாதீர்கள். பாட்டின் உரிமை வேறொருவருடையது என்பதால், வீடியோவை இணையத்தில் ஏற்றும்போது முடக்கப்படலாம். அதைவிட முக்கியம், அந்தக் கூட்டத்தின் சத்தத்தில் தாத்தாவின் குரல் எங்கேயாவது இருக்கலாம்.

யாருக்கு எது?

குடும்பத்துக்கு: டிவிடி ஸ்டைலர் போன்ற உண்மையான இலவச மென்பொருள். மெனு எதுவும் வேண்டாம் என்றால் டிவிடி ஃபிளிக்.

கோவில் நிர்வாகத்துக்கும் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துக்கும்: இவர்களுக்கும் இலவசமே என்பேன். ஆண்டுக்கு ஒரு திருவிழா, ஒரு விளையாட்டுப் போட்டி, ஒரு பரிசளிப்பு விழா. அதற்கு மென்பொருள் வாங்கினால் அடுத்த நிர்வாகம் வரும்போது உரிமக் குறியீடு யாரிடம் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கும். இலவச மென்பொருள் என்றால் எந்த இளைஞரின் கணினியிலும் போட்டு வேலையைத் தொடரலாம்.

திருமண வீடியோ எடுப்பதைத் தொழிலாகச் செய்பவருக்கு: காசு கொடுத்து வாங்குங்கள். மாதத்தில் பல வட்டுகள் முடித்துக் கொடுக்க வேண்டியவருக்கு நேரம்தான் வருமானம். வாடிக்கையாளர் அழகான மெனுவை எதிர்பார்ப்பார். வாங்குமுன் சோதனைப் பதிப்பை இறக்கித் தமிழ் எழுத்து சரியாக வருகிறதா என்று பாருங்கள். ஒரே முறை கட்டணமா, ஆண்டுதோறும் கட்ட வேண்டிய சந்தாவா என்பதையும் கேளுங்கள். வாடிக்கையாளருக்கு வட்டோடு சேர்த்து வீடியோ கோப்பையும் கொடுத்துவிடுவது இன்றைக்கு நல்ல பழக்கம்.

ஏற்கெனவே டிவிடி வைத்திருப்பவருக்கு: 2000ஆம் ஆண்டுகளில் கல்யாணம் முடித்தவர்கள் பலரிடம் கேசட் இல்லை, புகைப்படக்காரர் கொடுத்த வட்டு மட்டுமே இருக்கும். அதைக் கணினியில் போட்டு ‘வீடியோ_டிஎஸ்’ கோப்புறையை முழுவதுமாக வன்தட்டில் நகல் எடுங்கள். வீட்டில் போட்ட வட்டில் பொதுவாகப் பூட்டு இருக்காது. விஎல்சி என்ற இலவச நிரலில் அந்தக் கோப்புறையை அப்படியே ஓட்டலாம். எம்பி4 ஆக வேண்டுமென்றால் ஹேண்ட்பிரேக் என்ற இன்னொரு இலவச மென்பொருள் இருக்கிறது. இதற்கெல்லாம் ஒரு மாலைப் பொழுது போதும்.

மிச்சமான காசை எங்கே போடுவது?

மென்பொருளில் மிச்சமான சில நூறு வெள்ளிக்கு நான் சொல்லும் செலவுகள் மூன்று.

முதலாவது, கேசட்டிலிருந்து வீடியோவை எடுப்பது. மற்றெல்லாம் காத்திருக்கும், இது காத்திருக்காது. வீட்டில் காற்றின் ஈரத்தில் கேசட் நாடாவில் பூஞ்சை பிடிக்கும். ஓட்டும் கருவியும் கிடைப்பது அரிதாகிக்கொண்டே வருகிறது. ஜப்பானின் ஃபுனாய் நிறுவனம் 2016 ஜூலையில் விஎச்எஸ் பெட்டி தயாரிப்பை நிறுத்தியது. இப்போது ஓடிக்கொண்டிருப்பவை எல்லாம் பழைய பெட்டிகள்தான். நாடாவில் வெள்ளைப் படலம் தெரிந்தால் வீட்டுப் பெட்டியில் போடாமல், சுத்தம் செய்யத் தெரிந்தவரிடம் கொடுங்கள். நாடாவும் கெடும், பெட்டியும் கெடும். கடையில் மாற்றக் கொடுத்தால் டிவிடி மட்டும் வாங்கிக்கொண்டு வராமல், கோப்பாகவும் கேட்டு வாங்குங்கள். கேசட்டையும் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, நல்ல வட்டுகள். எழுதக்கூடிய டிவிடியில் படம் பதிவது ஒரு மெல்லிய சாய அடுக்கில். வெயிலும் சூடும் அதற்கு எதிரி. காரின் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துவிட்டு டத்தாரான் பலவானில் சாப்பிடப் போகாதீர்கள். வட்டின் மேல் காகித ஒட்டி ஒட்டாமல், வட்டுக்கென்றே விற்கும் மென்முனைப் பேனாவால் எழுதுங்கள். அதிக வேகத்தில் எரிக்காமல் 4 அல்லது 8 மடங்கு வேகத்தில் எரியுங்கள். எரித்து முடிந்ததும் சரிபார்க்கும் வசதி இருந்தால் அதையும் ஓடவிடுங்கள்.

மூன்றாவது, இரண்டு வன்தட்டு. ஒன்று உங்கள் வீட்டில், மற்றொன்று அண்ணன் வீட்டிலோ தங்கை வீட்டிலோ. வெள்ளம் வந்தாலும் திருடன் வந்தாலும் இரண்டு வீட்டிலும் ஒரே நாளில் வரமாட்டான். ஆண்டுக்கு ஒருமுறை, தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது, இரண்டையும் இணைத்துத் திறந்து பாருங்கள்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தையும் லயங்கள் இடிக்கப்பட்ட காலத்தையும் பற்றிப் புத்தகங்கள் எழுதியிருக்கிறார்கள். ஆனால் தெபோங்கிலும் கெமுனிங்கிலும் புக்கிட் அசகானிலும் வாழ்ந்தவர்கள் எப்படிச் சிரித்தார்கள், எப்படி நடந்தார்கள் என்பதை அவர்கள் வீட்டு அலமாரியில் கிடக்கும் கேசட்டுகள்தான் காட்ட முடியும். அதனால் எந்த மென்பொருள் என்று மாதக்கணக்கில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம். இந்த வாரக் கடைசியில் அலமாரியைத் திறந்து எத்தனை கேசட் இருக்கிறது என்று எண்ணுங்கள். ஒவ்வொன்றின் மேலும் என்ன விசேஷம், எந்த ஆண்டு என்று அம்மாவிடம் கேட்டு எழுதி வையுங்கள். அதில் எது ஒரே பிரதி, எதில் இன்று நம்மோடு இல்லாதவர்கள் இருக்கிறார்கள் என்று பார்த்து, அதை முதலில் மாற்றக் கொடுங்கள். இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ள அதற்குப் பிறகு நிறைய நேரம் இருக்கிறது.